கல் வந்த வழி

ரெமிஜியஸ்: பாடம் நடத்துறீங்களா, இல்ல பிள்ளைங்கள விட்டு ஊரக் கொள்ளையடிக்கிறீங்களா டீச்சர்?

ஃபிளோரா: மெதுவா பேசுங்கண்ணே. பக்கத்து ரூம்ல பரீட்சை நடக்குது. ஒக்காருங்க.

ரெமிஜியஸ்: ஒக்கார வரல. என் வயலு எல்லைக்கல்லு... கவர்மெண்டு நட்ட கல்லு... உங்க ஏழாங்கிளாஸ்ல இருக்காம். டீக்கடைல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறானுவ!

ஃபிளோரா: எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு சொன்னாங்களா?

ரெமிஜியஸ்: அது எதுக்கு உங்களுக்கு? கல்லு இருக்கா, இல்லையா?

ஃபிளோரா: இருக்கு. அந்தா, ஜன்னலோரமா சாக்கு போத்தி வச்சிருக்கேன்.

ரெமிஜியஸ்: வாய் கூசாம சொல்றீங்களே!

ஃபிளோரா: பாறை சுழற்சி பாடம்ணே. அதுக்காக...

ரெமிஜியஸ்: என்ன சுழற்சியோ! கல்லு மண்ணாகுதாம், மண்ணு மறுபடி கல்லாகுதாம். எங்க ஊர்ல மண்ணு நெல்லாகும் டீச்சர், அவ்வளவுதான்.

ஃபிளோரா: அதாண்ணே எனக்குக் கஷ்டம். எவ்ளோ தோண்டுனாலும் காவேரி கொண்டாந்த வண்டல்தான். காட்டுறதுக்கு ஒரு பாறை உண்டா இங்க? அதான் ஆளுக்கொரு கல்லு கொண்டாங்க, அது நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சுன்னும் சொல்லணும்னேன். ஒருத்தி அம்மிக் குழவியத் தூக்கியாந்தா. ஒருத்தன் ரோட்டு ஜல்லி...

ரெமிஜியஸ்: ஒருத்தன் என் எல்லைக்கல்லு!

ஃபிளோரா: ம்...

ரெமிஜியஸ்: என்ன ம்? நாளைக்குக் குடவாசல்லேர்ந்து சர்வேயர் வராரு, தெரியுமா? பக்கத்து வயலு சகாயம்மா மனு போட்டிருக்கா. புருஷன் துபாய்ல இருக்கான், இவ இங்க நான் கல்லப் புடுங்கிட்டு வரப்ப நகத்திட்டேன்னு தூத்திக்கிட்டுத் திரியிறா. நானா? கோயில் திருவிழாவுக்குக் கொடி குடுக்குற குடும்பம் டீச்சர் எங்க குடும்பம்!

ஃபிளோரா: அப்ப என்னண்ணே கவலை? அளந்தா சரியாப் போயிடும்ல.

ரெமிஜியஸ்: எதை வச்சு அளக்குறது? கல்ல ரெண்டா ஒடச்சு, தலைத்துண்ட மட்டும் தூக்கியாந்து இங்க...

ஃபிளோரா: ஒடஞ்சிருக்குன்னு எப்படித் தெரியும்? நீங்க இன்னும் சாக்க எடுக்கவே இல்லையே.

ரெமிஜியஸ்: ...டீக்கடைல சொன்னானுவ. இப்ப என்ன, என்னையே விசாரிக்கிறீங்களா? எனக்கு ஒரே ஒரு பேரு வேணும். கொண்டாந்தது சகாயம்மா மவன் ஜெரோம்தானே?

ஃபிளோரா: இல்ல. அவன் ரயில் தண்டவாளத்து ஜல்லிய எடுத்துட்டு வந்தான். அதுக்கே நல்லாத் திட்டு வாங்கிட்டான்.

ரெமிஜியஸ்: பொய்! அவதான் மவன விட்டுப் புடுங்கச் சொல்லியிருக்கா. இப்ப நேரா ஸ்டேஷனுக்குத்தான் போறேன். பயல ரெண்டு மணி நேரம் அங்க ஒக்கார வச்சா உண்மை தன்னால வரும்.

ஃபிளோரா: பன்னெண்டு வயசுப் புள்ளண்ணே! நீங்களும் பிள்ளை பெத்தவர்தானே, கொஞ்சம்கூட மனசு வராதா? வேணாம், விட்டுடுங்க. கல்ல நானே சர்வேயர்கிட்ட ஒப்படைக்கிறேன். யாரு எடுத்தா, எவரு எடுத்தான்னு பேச்சே வேணாம்.

ரெமிஜியஸ்: ஏன் மறைக்கிறீங்க? எடுத்தவன மறைச்சா நீங்களும் கூட்டுன்னுதான் எழுதிக் குடுப்பேன்!

ஃபிளோரா: யாருக்காக மறைக்கிறேன்னு தெரிஞ்சா இப்படிக் கத்த மாட்டீங்க.

ரெமிஜியஸ்: கத்துவேன்! நியாயம் கேக்குறவன் கத்தத்தான் செய்வான்!

ஃபிளோரா: ...சரி. சொல்றேன். அந்தப் பிள்ள மேல கை வைக்க மாட்டேன்னு மொதல்ல சொல்லுங்க.

ரெமிஜியஸ்: நான் ஏன் தொடப்போறேன்? போலீஸ் பாத்துக்கும்.

ஃபிளோரா: சத்தியம் பண்ணுங்க.

ரெமிஜியஸ்: வேளாங்கண்ணி மாதா சத்தியமா தொட மாட்டேன். போதுமா? பேரச் சொல்லுங்க.

ஃபிளோரா: உங்க ரோஸ்லின்.

ரெமிஜியஸ்: எந்த ரோஸ்லின்?

ஃபிளோரா: உங்க மகதாண்ணே. சைக்கிள் கேரியர்ல வச்சுக் கட்டி எடுத்தாந்தா.

ரெமிஜியஸ்: அவ... அவளுக்கு எப்படி...

ஃபிளோரா: எல்லாருகிட்டயும் கேட்டதத்தான் அவகிட்டயும் கேட்டேன். இந்தக் கல்லு எப்படிம்மா வந்துச்சு, ஆறு கொண்டாந்துச்சா, லாரி கொண்டாந்துச்சான்னு. எழுந்து நின்னு ஜெரோம் மொகத்தப் பாத்துக்கிட்டே சொன்னா: "ரெண்டும் இல்ல மிஸ். எங்க அப்பா கடப்பாறையால நெம்பி எடுத்து, எங்க வீட்டு வைக்கோல்போருக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாரு."