கதவுக்கு முட்டுக் கொடுத்த டப்பா

தலைமை ஏற்றிருக்கும் மன்றத் தலைவர் திரு. வால்டர் கௌலண்ட் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் டோரீனின் தம்பி லெஸ்லி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் கேய்னர் லெய்ட்லர் அவர்களே, இந்த மழையிலும் பஸ் பிடித்து வந்து நனைந்த கோட்டோடு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் ராய் ஃபென்விக். நார்த்வே தொலைக்காட்சி நிலையத்தில் இருபத்தாறு ஆண்டு ஃபிலிம் பிரிவில் இருந்தவன். நம்மைவிட்டுப் பிரிந்த டோரீன் ரட்டர் அம்மையார் அதே நிலையத்தின் டேப் நூலகர். அவரை எனக்கு அறுபது ஆண்டாகத் தெரியும். அதில் நாற்பது ஆண்டு அவர் என்னைத் திட்டியதில் போயிற்று.

போன மாதம் படுக்கையில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"ராய், நான் போனப்புறம் நீதான் பேசுவே. அவ இப்படி, அவ அப்படின்னு புகழ்ந்து தள்ளிடாதே. நான் பண்ணின ரெண்டு தப்பையும் சொல்லிட்டு உட்காரு."

"ரெண்டுதானா?" என்றேன்.

"உன் சிபாரிசுக் கடிதத்துல கையெழுத்துப் போட்டதையும் சேர்த்தா மூணு" என்றார்.

ஆகவே அந்த இரண்டு தப்பையும் சொல்ல வந்திருக்கிறேன். நடுவே புகழ்ச்சி தானாக வந்து விழுந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

முதல் தப்பு. 1964 முதல் 67 வரை சனிக்கிழமை மாலைகளில் நம் நிலையத்தில் 'சனிக்கிழமைச் சத்தம்' என்ற பாட்டு நிகழ்ச்சி வந்தது. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அந்த அரங்கில் ஆடியவர்கள்தாம். தலைவர் அவர்களே, நீங்களும் ஆடினீர்கள். காமிரா உங்கள் பக்கம் திரும்பாததால் ஊர் பிழைத்தது. மொத்தம் நூற்று முப்பத்தொரு வாரம். அத்தனையும் டேப்பில் பதிவாயின. அத்தனையும் அழிக்கப்பட்டன. ஏன் அழித்தார்கள்? டேப் விலை அதிகம். ஒரே டேப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். சின்னப் பிள்ளைகள் பாடி ஆடியதை இருபது வருடம் கழித்து எவன் கேட்டு வரப் போகிறான் என்று நினைத்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அழித்தது யார்? மேலேயிருந்து சீட்டு வரும். டேப்பை அழிக்கிற இயந்திரம் பாத்திரம் கழுவும் தொட்டி அளவு இருக்கும். உள்ளே பெரிய காந்தம். கைக்கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறையில் வைத்துவிட்டுத்தான் அதன் பக்கம் போக வேண்டும், இல்லாவிட்டால் கடிகாரம் நின்றுபோகும். டேப்பை உள்ளே வைத்துச் சுற்றிவிட்டு, சீட்டின் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து டோரீன் ரட்டருடையது. சீட்டுகள் அத்தனையிலும் அதே கையெழுத்து, மணி மணியாக.

1990-இல் ஹார்ட்டில்பூலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கேய்னர். அவருடைய அம்மா ஜாய்ஸ் லெய்ட்லர் 1966 பிப்ரவரியில் அந்த நிகழ்ச்சியில் ஒரு பாட்டுப் பாடினார். அதே ஆண்டு ஜூனில், பாட்டுக் குழுவோடு வேனில் போகும்போது விபத்தில் இறந்துவிட்டார். அம்மாவுக்கு இருபத்திரண்டு வயது. கேய்னருக்கு ஒன்பது மாதம். ஜாய்ஸ் இசைத்தட்டு எதிலும் பாடவில்லை. பெரியம்மா வளர்த்த அந்தக் குழந்தையிடம் இருந்தவை ஐந்தே புகைப்படங்கள். ஐந்திலும் அம்மா வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். 'அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த டேப் இருக்கிறதா?' கடிதம் இவ்வளவுதான்.

டோரீன் பழைய சீட்டுகளைப் புரட்டினார். 1968 மார்ச் 6. அழிக்கப்பட்டது. கீழே அவருடைய கையெழுத்தே.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? 'வருந்துகிறோம், கைவசம் இல்லை' என்று இரண்டு வரி தட்டச்சு செய்து அனுப்பியிருப்போம். டோரீன் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறி ஹார்ட்டில்பூல் போனார். கேய்னர் வீட்டு வாசலில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று சொன்னாராம்: "உங்கம்மா பாடினதை அழிச்சது நான்தான். மேலேருந்து சொன்னாங்க, செஞ்சேன். வேற பிரதி இருந்தா தேடித் தர்றேன். கிடைக்கலைன்னா, கிடைக்கலைன்னும் நானே வந்து சொல்றேன்."

கேய்னர் என்ன சொன்னார் தெரியுமா? "அதை உள்ள வந்து சொல்லுங்க. கெட்டில் கொதிக்குது." அவ்வளவுதான் சொன்னார்.

டேப் போனபின் எதைத் தேடுவது? ஒரு வழி இருந்தது. வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்புவதற்காக, தொலைக்காட்சித் திரைக்கு எதிரே ஃபிலிம் காமிராவை வைத்துப் பிரதி எடுப்போம். எடுத்தவனே நான்தான். அந்தப் பிரதி ஒரு நாட்டில் ஓடியதும் அடுத்த நாட்டுக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த நாட்டுக்கு. கடைசியாக வைத்திருப்பவர்கள் எரிக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். எந்த வாரத்துப் பிரதி எங்கே நின்றது என்று ஒருவருக்கும் தெரியாது. அதைத்தான் டோரீன் முப்பத்துநான்கு ஆண்டு தேடினார்.

அவருக்கு ஒரே சட்டம்தான். 'டப்பாவை நம்பாதே, ஃபிலிமைப் பார்.' ஏனென்றால் எங்கள் தொழிலில் டப்பா துருப்பிடித்தால் கையில் கிடைத்த காலி டப்பாவுக்கு ஃபிலிமை மாற்றிவிடுவோம். லேபிளை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். அந்த 'அப்புறம்' வந்ததே இல்லை. ஒரு தேவாலய அலமாரியில் 'ஞாயிறு பள்ளிச் சுற்றுலா' என்று எழுதிய டப்பாவை டோரீன் திறந்தார். உள்ளே நம் நிகழ்ச்சி. தீவு நாடு ஒன்றிலிருந்து 'சனிக்கிழமைச் சத்தம்' என்று தெளிவாக எழுதிய இரண்டு டப்பா கப்பலில் வந்தன. உள்ளே இரண்டிலும் பால் மாடு வளர்ப்பு. மாடுகளையும் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் திருப்பி அனுப்பினார்.

அதோ, பின்வரிசையில் செட்ரிக் பாலிஸ்டர் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் மூன்று பிரதி இருந்தன. நிலையத்துக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்தவை. போலீஸ் பிடிக்கும் என்று பயந்து இருபது வருடம் கோழிக் கொட்டகையில் ஒளித்து வைத்திருந்தார். டோரீன் கதவைத் தட்டினார்.

"எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா."

"போலீஸ் வராது, செட்ரிக். நான் மட்டும்தான் வருவேன். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை வருவேன். சாப்பாடு நீங்கதான் போடணும்."

நான்காவது செவ்வாய்க்கிழமை டப்பாக்கள் வெளியே வந்தன. சாப்பாட்டுச் செலவு தாங்கவில்லை என்று செட்ரிக் இன்றைக்கும் சொல்கிறார்.

இப்படி மொத்தம் பதினொரு வாரத்து நிகழ்ச்சிகள் மீண்டன. ஒவ்வொன்று கிடைத்தபோதும் பத்திரிகைக்கு முன்னால், நிலையத்துக்கு முன்னால், கேய்னருக்குத்தான் போன். "ஒண்ணு கிடைச்சிருக்கு, கண்ணு. உங்கம்மா இல்ல." பதினொரு முறையும் அதே வார்த்தைகள். பதினொரு முறையும் கேய்னர் சொன்ன பதிலும் ஒன்றுதான்: "பரவாயில்ல. வேற யாரோட அம்மாவோ கிடைச்சிருக்காங்க."

இனி இரண்டாவது தப்பு. அதைத்தான் முக்கியமாகச் சொல்லச் சொன்னார்.

இந்த வசந்தத்தில் அவரால் மாடிப்படி ஏற முடியவில்லை. முன்னறையில் கட்டில் போட வேண்டியிருந்தது. அந்த அறையில்தான் அவருடைய டப்பாக்கள், முந்நூற்று நாற்பது. கட்டில் நுழைவதற்காகக் கதவை முழுக்கத் திறக்கப் போனேன். கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஒரு பழைய டப்பா முட்டுக் கொடுத்திருந்தது. 'பனிக்காலத்தில் பத்திரமாக வண்டி ஓட்டுவது எப்படி' என்று அதன் மேல் டோரீனின் மணி மணியான எழுத்து. வருடக்கணக்காக அது அங்கேதான் கிடந்தது. நானே எத்தனையோ முறை அதில் கால் விரலை இடித்துக்கொண்டு வைதிருக்கிறேன். அன்றும் காலால் தள்ளினேன். மூடி கொஞ்சம் நகர்ந்தது.

டோரீன் நாற்காலியிலிருந்து கேட்டார்: "சிப்ஸ் வாங்கிட்டு வந்தியா, ராய்?"

"இல்லையே."

"பொய் சொல்லாதே. சிப்ஸ்மேல ஊத்துற வினிகர் வாசனை வருது."

"அட, சத்தியமா இல்ல."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பழைய ஃபிலிம் கெட்டுப்போகத் தொடங்கினால் வினிகர் வாசனைதான் வரும். இது எங்களுக்குத் தெரியாதா? மூடியைத் திறந்தேன். ஃபிலிமின் மேல் மஞ்சளாகப் போன ஒரு துண்டுச் சீட்டு. 'டீ முடிந்ததும் லேபிள் மாற்றவும் - டோ.ர.'

நிலையம் கட்டடம் மாறிய 1971-இல் டோரீன் அந்த ஃபிலிமை இந்த டப்பாவுக்கு மாற்றியிருக்கிறார். டீ வண்டி வந்திருக்கிறது. டீ முடிந்திருக்கிறது. லேபிள் மாறவில்லை. குப்பைக்குப் போகவிருந்த டப்பாக்களோடு அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார், உள்ளே இருப்பது என்னவென்றே மறந்துபோய்.

ஃபிலிமின் முதல் இரண்டு அடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். விரல் நகம் அளவுக் கட்டத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண், கேய்னரின் புகைப்படங்களில் பார்த்த அதே முகம். வாய் திறந்திருந்தது.

பூதக்கண்ணாடியை மடியில் வைத்தார். பிறகு, "ஊர்ல எவன் எழுதினதையும் நம்பல. நான் எழுதினதை நம்பிட்டேன், ராய்" என்றார். அன்றுதான் அவர் அழுது நான் பார்த்தேன்.

உடனே போன். "கேய்னர், கிடைச்சாச்சு. இந்தத் தடவை உங்கம்மாதான்." கேய்னர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, "எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். "சொன்னா அடிக்க வருவ" என்றார் டோரீன்.

நண்பர்களே, என் வீட்டில் ஓடுகிற புரொஜெக்டர் இருக்கிறது. இருபது நிமிடத்தில் கொண்டுவந்திருப்பேன். "ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாம், டோரீன்" என்றேன். டாக்டர் அவருக்கு ஒரு மாதம்கூடச் சொல்லவில்லை. ஃபிலிமைப் புரொஜெக்டரில் ஓட்டாமலே பிரதி எடுக்கிற கூடத்தில் நான்கு வாரம் ஆகும் என்றார்கள். இது இரண்டும் அவருக்குத் தெரியும். இரண்டும் தெரிந்துதான் சொன்னார்:

"வேண்டாம். ஃபிலிம் சுருங்கியிருக்கு. ஓரத்து ஓட்டை ஒண்ணு கிழிஞ்சா பாட்டே போயிடும். அந்தப் பொண்ணு முப்பத்துநாலு வருஷம் காத்திருந்தா, நாலு வாரம் காத்திருப்பா."

"அவ காத்திருப்பா. நீ?"

"ஏற்கெனவே ரெண்டு தடவை தொலைச்சிட்டேன், மூணாவது தடவை வேண்டாம். பேசாம பார்சல் கட்டு."

நான் கோபத்தோடுதான் கட்டினேன். அந்தக் கோபத்தை மறைக்க மாட்டேன். இத்தனை ஆண்டு தேடியதைப் பார்க்காமல் போக ஒரு மனுஷிக்கு என்ன பிடிவாதம் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே தபால் நிலையம் போனேன்.

பத்தொன்பதாம் நாள் டோரீன் இறந்தார். இருபத்தேழாம் நாள், அதாவது போன வியாழக்கிழமை, பிரதி வந்தது. கூடவே ஒரு கடிதம். பாட்டின் நடுவில் இரண்டு இடத்தில் ஃபிலிம் பாதி கிழிந்திருந்ததாம். புரொஜெக்டரில் ஓட்டியிருந்தால் அந்த இடத்திலேயே அறுந்திருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். நான் சொன்னது தப்பு. டோரீன் சொன்னது சரி. அவர் உயிரோடு இருக்கும்போது இந்த வாக்கியத்தை நான் ஒருமுறையாவது சொல்லியிருக்க வேண்டும்.

அன்றே பிரதியைக் கேய்னரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கி மேசைமேல் வைத்தார். போட்டுப் பார்க்கவில்லை. "அவங்க பார்க்காததை நான் மட்டும் உட்கார்ந்து பார்க்கறதா? கூட்டத்துல போடுங்க. அவங்க ஆளுங்களோட சேர்ந்து பார்க்கறேன்" என்றார். ஆகவே இந்த அறையில் ஒருவரும் அதை இன்னும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

இன்னும் நூற்றுப் பத்தொன்பது வாரம் மிச்சம் இருக்கிறது. அவற்றில் இன்னும் எத்தனை பேருடைய அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்களோ தெரியாது. லெஸ்லி அவர்கள் முந்நூற்று நாற்பது டப்பாவையும் இந்த மன்றத்தின் பின்னறைக்குக் கொடுத்திருக்கிறார். வரும் திங்கட்கிழமையிலிருந்து நானும் செட்ரிக்கும் ஒவ்வொன்றாகத் திறப்போம். டோரீன் எழுதிய டப்பாக்களை முதலில் திறப்போம். எவர் எழுத்தையும் நம்ப மாட்டோம், எங்கள் எழுத்தையும்தான். லேபிள் ஒட்டிய பிறகுதான் டீ. இதை உங்கள் முன்னால், டோரீன் ரட்டர் அம்மையாரின் பேரால் சொல்கிறேன்.

வழக்கப்படி எழுந்து மௌன அஞ்சலி செலுத்த வேண்டும். அதற்கும் டோரீன் உத்தரவு போட்டுவிட்டார். "மௌனம் வேண்டாம். சத்தம் அழிஞ்சுபோன ஃபிலிம் எங்கிட்ட நாலு இருக்கு, அதுவே போதும்." ஆகவே எழ வேண்டாம், உட்கார்ந்தே இருங்கள். ஜாய்ஸின் பாட்டு இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.

பிரதி எடுத்தவர் கடிதத்தில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார். பாட்டு தொடங்குமுன் அந்தப் பெண் காமிராவைப் பார்த்து, வீட்டில் தூங்காமல் படுத்துகிற ஒருவருக்காக இந்தப் பாட்டு என்று சொல்லி, ஒரு பெயரையும் சொல்கிறாராம். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதை இந்த அறையில் முதலில் சொல்ல வேண்டியவர் நான் இல்லை.

கேய்னர், நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். லெஸ்லி, சத்தத்தைக் கூட்டுங்கள். வால்டர், விளக்கை அணைத்துவிடுங்கள்.