நல்ல நேரத்தில் போன வெள்ளைக் கார்

வண்டி விற்று வாழ்வோரின் வழித்துணையாய் விளங்கும் சங்கத் தலைவர் அண்ணன் சந்திரசேகர் அவர்களே! இந்த மேடைக்கு மேன்மை சேர்த்திருக்கும் பெரியோர்களே! முன்வரிசையை நிறைத்து, என்னை முறைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் செல்போனில் மூழ்கியிருக்கும் என் பாசத்திற்குரிய போட்டியாளர்களே! சங்ககிரி சாலையில் ஷோரூம் வைத்திருக்கும் தண்டாயுதபாணி உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

'மோசடியில் போன காரை மீட்பது எப்படி?' இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. ஏன் எனக்குத் தந்தார்கள்? படித்தவன் என்பதாலா? பண்பாளன் என்பதாலா? இல்லை, பறிகொடுத்தவன் என்பதால்! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரிக்கிறவர்களில் பறிகொடுத்தவர்கள் கை தூக்குங்கள், பார்ப்போம். ஒரு கைகூட இல்லையா? அடடா, எவ்வளவு பாக்கியசாலிகள் கூடிய மண்டபம் இது! நானும் பதினோரு நாள் இப்படித்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரை முதல் எட்டரை வரை நல்ல நேரம். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஓட்டும் முதலாளியின் மகன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்தான். நெற்றி நிறையத் திருநீறு, கை நிறைய ஆப்பிள், பை நிறையக் காகிதம். ஒரு வெள்ளைக் காரைக் காட்டி, முழு விலைக்கும் வங்கி வரைவோலையை நீட்டினான். வங்கிக்கோ விடுமுறை. எங்கள் விற்பனைப் பிரிவில் இருக்கும் சுகன்யா என் காதருகே வந்து, "சார், நாளைக்கு பேங்குல ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுக்கலாமுங்க" என்றார்.

நான் என்ன செய்தேன்? நல்ல நேரத்தில் நந்தி மாதிரி குறுக்கே நிற்காதே என்று அந்தப் பெண்ணை விரட்டினேன். நானே எலுமிச்சம்பழம் வைத்தேன், நானே மாலை போட்டேன், நானே பொன்னாடை போர்த்தினேன். கைதட்டி, கேக் வெட்டி, காவலாளியைக் கதவு திறக்கச் சொல்லி, கள்வனை வழியனுப்பி வைத்தவன் இந்தத் தமிழ்நாட்டில் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். ஏன் தலைவரே தண்ணீர் குடிக்கிறீர்கள்? குடியுங்கள், குடியுங்கள்.

திங்கட்கிழமை வங்கியில் சொன்னார்கள், அந்த வரைவோலை போலி என்று. உடனே காவல் நிலையம் போனேனா? போகவில்லை. போனால் பெயர் போய்விடுமே! கார் போனால் போகட்டும், கௌரவம் இருக்கட்டும் என்று கணக்குப் போட்டேன். வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறவரிடம் போனேன். வண்டி வடக்கே, தண்ணீர் ஓரம் இருக்கிறது என்றார். மேட்டூர் அணையை மூன்று முறை சுற்றினேன். மீன் வறுவல் கிடைத்தது.

ஆனால் வீரத்தைக் காட்ட ஓர் இடம் வேண்டுமல்லவா? விற்பனைப் பிரிவின் ஆறு பேரை அழைத்தேன். விஷயம் வெளியே போகக் கூடாது என்று கற்பூரத்தின்மேல் சத்தியம் வாங்கினேன். அந்த ஆறு பேருக்கு முன்னால், உள்ளாள் உதவி இல்லாமல் இது நடக்காது என்று சுகன்யாவைக் காட்டிச் சொன்னேன். நாளையிலிருந்து வராதே என்றேன். சத்தியம் பலித்தது ஐயா! என்ன காணாமல் போனது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. யார் எடுத்தது என்பது மட்டும் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

பதினோராம் நாள் சுகன்யா நேராக என் அறைக்குள் வந்தார். செல்போனை மேசையில் வைத்தார். காரை விற்ற பணியாளரின் எண்ணுக்குத் தானாக வரும் செய்தி அதில் இருந்தது: 'உங்கள் வாடிக்கையாளரின் முதல் இலவச சர்வீஸ் முடிந்தது.' எந்தக் கார்? அதே வெள்ளைக் கார். எங்கே சர்வீஸ்? என் கட்டடத்தின் பின்புறம்! நான் அணையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, என் கார் என் வாசலுக்கே வந்து, எண்ணெய் மாற்றி, குளித்து, துடைத்துக்கொண்டு போயிருக்கிறது. சர்வீஸ் மேற்பார்வையாளர் கிறிஸ்துராஜைக் கூப்பிட்டுக் கத்தினேன். "காணாமப் போச்சுன்னு எங்ககிட்ட யாருமே சொல்லலீங்களே சார். வந்தவருக்கு டீ வேற வாங்கிக் குடுத்தேன்" என்றார். அவர் மேல் என்ன தப்பு?

அன்றைக்கே புகார் கொடுத்தோம். சர்வீஸ் சீட்டில் வந்தவரின் தொலைபேசி எண் இருந்தது. மறுநாள் ஆத்தூரில் ஒரு வீட்டு வாசலில் கார் கிடைத்தது. நீதிமன்றத்தில் பத்திரம் எழுதிக் கொடுத்து ஓட்டி வந்தேன். மீட்பது எப்படி என்றீர்களே, இவ்வளவுதான்! போன அன்றே காவல் நிலையத்தில் சொல், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சொல், காரின் சேசிஸ் எண்ணைச் சகப் போட்டியாளனிடம் சொல், உன் சொந்தப் பட்டறையிலாவது சொல்! வாய் திறந்தால் வண்டி வரும்.

கைதட்டாதீர்கள். அந்த வாசலில் நின்றவர் சென்றாயன் என்ற மரவள்ளி விவசாயி. இரண்டு வெள்ளாமைப் பணத்தைக் கொடுத்து அந்தக் காரை அந்தத் திருடனிடம் வாங்கியிருந்தார். வாங்கியது, கார் போன ஐந்தாம் நாள். "நீங்க மொத நாளே சொல்லியிருந்தா நான் ஏமாந்திருக்க மாட்டேனே சார்" என்றார். என் கார் வந்துவிட்டது. அவர் பணம்? நான் காப்பாற்றிய கௌரவத்தின் விலையை அந்த மனிதர் கட்டியிருக்கிறார். வெட்கமாக இருக்கிறது ஐயா, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அந்தத் திருடனோ இன்னும் பிடிபடவில்லை. அடுத்த ஞாயிறு நல்ல நேரம் யார் ஷோரூமில் என்று அவனுக்குத்தான் தெரியும்.

சுகன்யாவை மறுபடி வேலைக்கு அழைத்தேன். அவர் சொன்னார்: "வாரேனுங்க சார். ஆனா ஆறு பேருக்கு முன்னாடி சொன்னதை ஊரே நம்பிருச்சுங்க. இல்லைங்கறதை ஊருக்கு முன்னாடி சொல்லோணுங்க."

அதற்காகத்தான் இந்த ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினேன். கேளுங்கள்! சுகன்யா திருடவில்லை. தடுத்தவர் அவர். கள்வன் கையில் சாவியைக் கொடுத்தவன் நான். மீட்டுக் கொடுத்தவர் அவர். மறைத்தவன் நான்.

இதுவரை கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. இன்றைக்கே நாலு பேரிடம் போய்ச் சொல்லப்போகும் உங்கள் வாய்க்கு அதைவிடப் பெரிய நன்றி. வணக்கம்!