மழை வளைவில் திரும்பாத கார்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் பெரியதம்பி அவர்களே! சாரதிகள் சங்கத்தின் சான்றோர்களே! அக்குறணையிலிருந்து அன்போடு வந்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே! பன்விலத் தோட்டத்திலிருந்து விடிய முன்னரே பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே! கதிரை போதாமல் வெயிலில் நிற்கும் தம்பிமாரே, தங்கைமாரே! உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம், ஸலாம்.

என் பெயர் சின்னமுத்து. கண்டியில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். காரைக் கட்டுப்படுத்தக் கற்றுத்தரும் பயிற்சியைத் தொடக்கி வைக்க, கார் ஓட்டவே தெரியாத இந்த இரும்புக்கடைக்காரன் எதற்கு? கேட்பீர்கள். கேட்க வேண்டும். நான் பேச வந்தவன் அல்ல ஐயா, பறிகொடுத்து வந்தவன்.

என் ஒரே மகன் யோகராஜா. குடிக்க மாட்டான். வேகமாக ஓட்ட மாட்டான். யுத்தம் நடந்த காலமெல்லாம் காலையில் போனவன் மாலையில் வீடு திரும்பினான். குண்டுக்குத் தப்பினான், சோதனைச் சாவடிகளுக்குத் தப்பினான். யுத்தம் முடிந்த மறுவருடம், ஒரு மழைக்குத் தப்பவில்லை! பன்விலயில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டு மனைவி சுந்தரியோடு திரும்பினான். இறக்கத்தில் ஒரு வளைவு. எதிரே ஒரு லொறி. பிரேக்கை மிதித்தான். கார் வளைவிலே திரும்பாமல் நேரே போய்ப் பள்ளத்தில் விழுந்தது. சுந்தரியைத் தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து உயிரோடு எடுத்தார்கள். என் மகனை எடுத்தார்கள், உயிர் இல்லை.

விதி என்றார்கள். கண்ணூறு என்றார்கள். வேகம் என்றார்கள். எல்லோரும் எதையோ சொன்னார்கள். ஒரு வருடம் வாயே திறக்காதிருந்த என் மருமகள் மட்டும், ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒன்று கேட்டாள்.

“மாமா, அவரு ஸ்டியரிங்க முழுசாத் திருப்புனாரு. நான் கண்ணால பாத்தேன். அப்புறம் ஏன் கார் திரும்பல?”

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அவள் அக்குறணை ஹாஷிமிடம் போனாள். இதோ, மேடைக்குக் கீழே கூச்சத்தோடு நிற்கிறாரே, அவரேதான். கார்ப் பந்தயங்களில் ஓடியவர். வழுக்கும் தரையில் காரை ஆளும் வித்தையைக் கற்றுக்கொடுப்பவர்.

என் மனைவி அன்னலட்சுமி அலறினாள். “எம் புள்ளையத் தின்ன காரு, இவளையுந் தின்னணுமா?” அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இன்றைக்கும் அவள் இங்கே வரவில்லை.

கட்டுகஸ்தோட்டையில் லொறிகள் நிறுத்தும் பெரிய முற்றம். பவுசர் வண்டியால் தண்ணீர் ஊற்றித் தரையை நனைத்தார்கள். செம்மஞ்சள் கூம்புகளை வளைவாக அடுக்கினார்கள். ஓரத்தில் நான் நின்றேன். சுந்தரி ஸ்டியரிங்கைப் பிடித்தாள், பக்கத்தில் ஹாஷிம்.

“தங்கச்சி, மொதல்ல பிரேக்க அமத்திப் புடிங்க. விடாதீங்க.”

அமர்த்தினாள். காரின் சில்லுகள் சுழலாமல் இறுகி நின்றன. ஸ்டியரிங் திரும்பியது, கார் திரும்பவில்லை. கூம்புகளை இடித்துக்கொண்டு நேரே போனது. ஐயா, என் மகன் போன பாதையை என் கண்ணால் கண்டேன்!

“இப்ப இன்னொருக்கா. சறுக்கினதும் கால எடுங்க. சில்லு உருண்டாத்தான் கார் திரும்பும். இடிக்கப் போற எடத்தப் பாக்காதீங்க, போகவேண்டிய எடத்தப் பாருங்க.”

கார் சறுக்கியது. காலை எடுத்தாள். சில்லுகள் உருண்டன. கார் வளைந்தது, ஒரு கூம்பையும் தொடாமல் மறுபக்கம் போய் நின்றது.

நான் கை தட்டினேன். அவள் இறங்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

“இவ்வளவுதானா மாமா? காலக் கொஞ்சம் எடுக்கிறது… இவ்வளவுதானா?”

பக்கத்தில் இருந்த ஹாஷிம்தான் பேசினார்.

“அவரு பிழ செய்யல தங்கச்சி. பயந்தா எல்லாரு காலும் பிரேக்கத்தான் மிதிக்கும். பழக்கின கால்தான் எடுக்கும்.”

“அவருக்கு யாரும் பழக்கலையே, ஹாஷிம் நானா!”

தாய்மார்களே, அழாதீர்கள். நீங்கள் அழுதால் என்னால் பேச முடியாது.

அதன் பிறகும் அவள் விடவில்லை. கூம்புகளுக்கிடையே காரை வளைத்து வளைத்து ஓட்டும் ஓட்டோகுரோஸ் போட்டிக்கும் போனாள். என்ன தம்பி, ரேஸ் பைத்தியம் என்கிறீர்களா? இல்லை ராசா! அங்கே ஒரு நேரத்தில் ஒரே கார். முந்துவதற்கு முன்னே எவனும் இல்லை. போட்டி உன் கையோடு, உன் காலோடு, உன் பயத்தோடு! அவள் கடைசிக்கு அருகில்தான் வந்தாள். ஆனால் காரை விட்டு இறங்கும்போது சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அந்த முகத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு. சிரித்தவள் யாரிடமோ சொல்லப் போவதுபோல் சட்டென்று பக்கத்தில் திரும்பினாள். பக்கத்தில் யாரும் இல்லை. சிரிப்பு அப்படியே அணைந்தது.

சபையோரே! லைசன்ஸ் எடுக்க என்ன கேட்கிறார்கள்? காரைப் பின்னால் எடுக்கத் தெரியுமா என்கிறார்கள். சரியாக நிறுத்தத் தெரியுமா என்கிறார்கள். மழையில் சறுக்கினால் என்ன செய்வாய் என்று எவர் கேட்டார்? மலையைச் சுற்றி மலையைச் சுற்றி வளைந்து கிடக்கும் நம் பாதையில், மழையும் பனியும் மாறி மாறி நனைக்கும் நம் பாதையில், நம் பிள்ளைகளை அந்தப் பாடம் படிக்காமல் அனுப்பினோமே, அது அடுக்குமா? பஸ் ஓட்டுபவர்கள் வாருங்கள்! வேன் ஓட்டுபவர்கள் வாருங்கள்! பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் தாய்மார்கள் முதலில் வாருங்கள்!

இன்று ஹாஷிமோடு சேர்ந்து கற்றுக்கொடுக்கப் போகிறவள் என் மருமகள் சுந்தரி. நேற்று அவள் சொன்னாள்: “மாமா, ஒருத்தருக்குச் சொல்லிக் குடுக்கும்போதெல்லாம், அவருக்கே சொல்லிக் குடுக்கிற மாதிரி இருக்கு. அவரு ஒழுங்காக் கேக்குறாரு. கால எடுக்கிறாரு.” இதைச் சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விட்டாள்.

இதோ, பயிற்சிக்காக முற்றத்தை நனைக்கத் தொடங்கிவிட்டார்கள். இனி என் பேச்சு தடையாக இருக்கக் கூடாது. பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கண்ணீரோடு கேட்ட தாய்மாருக்கும் கைகூப்பி நன்றி. இறங்கிப் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு வாசலில் காத்திருப்பவர் ஏமாறாதிருக்கட்டும்! வணக்கம்.