சத்தத்துக்கு முந்தி

— மாக் இரண்டுன்னா எத்தன மைல், நுஹ்மான் சேர்?

— மைல் இல்ல, ஸரீனா டீச்சர்.

— கிலோமீற்றரா?

— அதுவுமில்ல. ப்ளேனோட வேகத்த சத்தத்தோட வேகத்தால வகுக்கணும். வர்ற எண்தான் மாக். இரண்டுன்னா சத்தத்த விட இரண்டு மடங்கு.

— சரி, எழுதிட்டேன். நாளைக்குக் கண்காட்சியில பிள்ளைகள் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும். நான் தமிழ் டீச்சர், கையெழுத்துக்கு மட்டும்தான் பொறுப்பு... மாக்ன்றது யாரு?

— ஒஸ்திரியாக்காரர். பறக்கிற துப்பாக்கிக் குண்டைப் படம் புடிச்சவர்.

— தன் பேரைத் தானே வெச்சிக்கிட்டாரா?

— சேச்சே. அவர் மௌத்தாகிப் பல வருஷத்துக்குப் பொறகு, அக்கரெட்னு ஒரு சுவிஸ்காரர் வெச்சது.

— அதானே. சில பேருக்காக மத்தவங்கதான் வாயத் தொறக்கணும்.

— ...யாரச் சொல்றீங்க?

— மாக்கைத்தான். பொறுங்க, மேல...

— கிபிர், குண்டு போடுற ப்ளேன். நாலந்தாப் பக்கம் போகுது.

— வடக்குக்கா?

— ம்.

— ...அங்க உள்ள ஆக்களுக்கு, வருதுன்னு முன்கூட்டிக் கேக்குமா?

— மாக் ஒண்ணுக்கு மேல வந்தா கேக்காது. ப்ளேன் முந்தும். சத்தம் பிந்தும்.

— ...இத எழுதல்ல சேர்.

— வேணாம்.

— அசர் பாங்கும் சொல்லியாச்சு. வீட்டுக்குப் போகல்லயா?

— நீங்க எழுதி முடிங்க.

— முடிச்சு எவ்வளவு நேரம். போர்டுல அந்த ஒரே கோட்டை எத்தன தரம் அடிப்பீங்க?

— ...இன்னைக்கு வீட்டுக்கு ஆள் வருது. மாப்பிள்ள கேட்டு.

— மாஷா அல்லாஹ். பொண்ணு யாரு?

— மாத்தளை டவுன்லதான்னு உம்மா சொன்னா. மத்தத நான் காதுல போட்டுக்கல்ல.

— காதுல போட்டுக்கணும் சேர்.

— எதுக்கு? வேற ஒராள் மனசுல இருக்கு.

— அவங்ககிட்ட சொன்னீங்களா?

— எப்படிச் சொல்றது? நம்ம ஆக்கள்ல பொண்ணு வீட்டாருதானே கேட்டு வரணும்.

— அதுவரைக்கும் அந்தப் பொண்ணு சும்மா இருக்கணுமாக்கும்.

— அவங்க மனசு எனக்குத் தெரியாதே.

— தெரிஞ்சிக்கப் பாத்தீங்களா?

— ரெண்டு வருஷமா... இந்தக் கண்காட்சிக்கு போர்டு எழுத, கையெழுத்து நல்லா உள்ளவங்க வேற ரெண்டு பேர் இருந்தாங்க டீச்சர்.

— அப்ப கையெழுத்துக்காக என்னக் கூப்பிடல்ல.

— கோவமா?

— அவங்க வீட்டார் கேட்டு வந்தா என்ன செய்வீங்க?

— வந்தா... இப்படிக் கோடு போட்டுக்கிட்டு நிப்பேனா?

— அப்ப அடிமட்டத்த வெச்சிட்டு ஓடுங்க சேர். உங்க வீட்ல இப்ப டீ குடிச்சிட்டு இருக்கிறது எங்க வாப்பா.