மஞ்சள் ஸ்டூல்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காப்பி நன்றாகவே இருக்கிறது, தம்பி. எங்கள் சர்ச்சின் கீழ்த்தளத்தில் போடும் காப்பியை நாற்பது வருடம் குடித்தவன் நான். அதன் பிறகு எதைக் கொடுத்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

உங்களை எனக்கு நினைவிருக்கிறது. நீல நிற மரக் கார், உங்களுக்கு ஒன்பது வயது. எடை அரை அவுன்ஸ் கூடிவிட்டதென்று அழுதீர்கள். காருக்குள் உட்கார்ந்திருந்த பொம்மைக்கு முடிவெட்டிக் கூட்டிவரச் சொன்னேன். வெட்டிக்கொண்டு வந்தீர்கள், எடை சரியாக இருந்தது. சின்னப் பையன்களின் சாரணர் படையான குருளையர் படையின் பொம்மைக் கார் பந்தயத்தில் முப்பத்தொரு வருடமாக எடை பார்ப்பவன் நான். ஹால்வோர் பிரெக்கே தராசில் கை வைத்தான் என்று இந்த மினசோட்டாவில் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

விதி எளிது. ஒரு பைன் மரக்கட்டை, அச்சுக்கு நான்கு ஆணி, நான்கு சக்கரம், சரிவில் தானாக உருள வேண்டும். ஐந்து அவுன்ஸுக்கு மேல் போகக் கூடாது. பையன் தன் கையால் செய்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நான் எடைபார்த்து அலமாரியில் வைத்துப் பூட்டினால், சனிக்கிழமை பந்தயம் வரை பெற்ற அப்பன்கூடத் தொடக் கூடாது.

அப்பன்களிடம்தான் தொந்தரவு. வீட்டு வேலைக்கு நேரமில்லாதவன் எல்லாம் ஜனவரி பிறந்தால் ஆணிக்கு மெருகேற்ற உட்கார்ந்துவிடுகிறான். என் மருமகன் கர்ட் அதில் தலைசிறந்தவன். என் பேரன் எம்மெட்டின் பெயரில் மூன்று வருடம் கோப்பை வாங்கினான். ஒவ்வொரு வருடமும் தராசுக்கு முன்னால் பையனிடம் கேட்பேன், "யாருடா செஞ்சது?" அவன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் தாத்தா" என்பான். என் முன்னால், சர்ச்சுக்குள்ளேயே பொய் சொல்லப் பழக்கிவிட்டார்கள்.

அதற்கு முன்பு அவன் என் பட்டறைக்குத்தான் வருவான். மேசை எட்டவில்லை என்று ஏறி நிற்க ஒரு ஸ்டூல் செய்து, மஞ்சள் வண்ணம் அடித்துக் கொடுத்தேன். கர்ட் தன் கராஜில் மரம் அறுக்கும் வாள் எந்திரம் வாங்கிப் போட்டதும் பையன் வருவது நின்றது. ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நவம்பரில் நன்றி அறிவித்தல் நாள் விருந்தில் மட்டும், வான்கோழியை அறுத்துக்கொண்டிருந்த கர்ட்டிடம் கேட்டேன்.

"இந்த வருஷம் பந்தயத்துக்கு வரப்போறது பையன் காரா, அப்பன் காரா?"

கர்ட் சிரித்தான். "அவங்கிட்ட வாளக் குடுத்தா கார் வருதோ இல்லியோ மாமா, ஆஸ்பத்திரி வண்டி வந்து நிக்கும்."

"அப்பா, நீங்க வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்களேன்" என்றாள் என் மகள் மார்லிஸ், என்னிடம்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் திருகாணி என்னுடைய கோட்டுப் பையில் இருந்ததுதான். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழன் மதியம், கர்ட் வேலைக்குப் போயிருந்தான். கராஜ் சாவி என்னிடம் ஒன்று உண்டு. எந்திரத்தில் வாளை மறைக்கும் காப்புத் தகட்டுக்கு இரண்டு திருகாணி. ஒன்றை எடுத்துக்கொண்டேன், மற்றதைத் தளர்த்தினேன். வேலை நடுவில் தகடு இறங்கி மரத்தைத் தட்டும், கை வழுக்கும். கர்ட்டுக்கு ஒரு விரலில் காயம், ஒரு பந்தய காலத்துக்கு ஓய்வு. அப்புறம் பையன் கட்டையை எடுத்துக்கொண்டு என்னிடம்தானே வரவேண்டும்? யோசித்துப் பாருங்கள், நியாயமான ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை கர்ட் மட்டும் வந்தான். சவரம் செய்யாத முகம். ஒரு காரைத் தராசில் வைத்தான். கோணல் கார். முன்சக்கரம் ஒன்று தரையைத் தொடவில்லை. வண்ணம் கிடையாது. பின்பக்கம் பழுப்பாக ஒரு கறை.

"யார் செஞ்சது?" என்றேன். விதிப்படி கேட்க வேண்டும்.

"அவன்தான் மாமா. எந்திரத்துப் பொத்தானக்கூட நான் தொடல. விருந்துல நீங்க அன்னைக்குக் கேட்டது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. மூணு வாரமா எல்லாம் அவனே செஞ்சான். சக்கரமெல்லாம் மாட்டிட்டான், நேத்துச் சாயங்காலம் பின்பக்கத்துல கடைசி வெட்டு, பக்கத்துலதான் நின்னேன்." காரைத் தராசின் நடுவுக்குத் தள்ளி வைத்தான். "வலது கையில ரெண்டு விரல் போயிடுச்சு. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும், தாத்தாகிட்ட எட போடுங்கன்னான்."

நாலே முக்கால் அவுன்ஸ். தேறியது என்று எழுதி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சனிக்கிழமை அது கடைசியாக வந்தது, ஆனால் முடிவுக் கோட்டைத் தாண்டியது. முப்பத்தொரு வருடத்தில் முழுக்க ஒரு பையன் கையால் செய்யப்பட்டதென்று நான் சத்தியம் செய்யக்கூடிய ஒரே கார் அதுதான்.

இப்போது எம்மெட் மதியமெல்லாம் என் வீட்டில்தான். இடது கையால் எழுதப் பழக்குகிறேன்.

பையன் எந்திரத்தில் வேலை செய்வான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்டு, முழுமைக்காகச் சொல்கிறேன். எந்திரத்தின் முன்னால் அந்த மஞ்சள் ஸ்டூல் நின்றது. அதை நகர்த்தினால்தான் திருகாணிக்குக் கை எட்டும். நகர்த்தினேன். வேலை முடிந்ததும், மரத்தூளில் பதிந்திருந்த நான்கு கால் தடங்களைப் பார்த்து, இம்மி பிசகாமல் அதே இடத்தில் திருப்பி வைத்தேன்.