அத்தான் போட்ட துளைகள்

அந்த ஸ்டூல் ஒரு பக்கம் லேசாகச் சாயும். சுவரோரமாக நகர்த்திப் போட்டு உட்காருங்கள். ஆணியும் கீலும் தாழ்ப்பாளும் விற்கிற கடையில் ஒரு ஸ்டூலைச் சரிபண்ண முடியாதா என்று கேட்பீர்கள். நல்ல சாமானெல்லாம் விற்றுப்போய்விடுகிறது, நான் என்ன செய்ய.

மருந்துக்கடை அம்மாவின் அலமாரி எப்படிச் சரிந்தது என்று அவர் சார்பாக விசாரிக்க வந்திருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். ஆனால் அலமாரியிலிருந்து ஆரம்பித்தால் என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள். அத்தானிடமிருந்து ஆரம்பிப்போம்.

அத்தான் என் அக்கா புருஷன். கல்யாணமான கையோடு இந்தக் கல்லாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர். எங்கள் வியாபார முறை இதுதான்: நான் விலை சொல்வேன், இரும்பு மாதிரி. வாங்க வந்தவர் முகம் சுருங்கும். அப்போது அத்தான் மெல்லக் கனைப்பார். "பாவம் மச்சான், புது வீடு கட்டுறாரு. பாத்துப் போட்டுக் குடுங்க" என்பார். நான் அவரை முறைப்பேன். "உங்களப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் உருப்பட்ட மாதிரிதான்" என்று புலம்பிக்கொண்டே, முதலிலேயே மனதில் வைத்திருந்த விலைக்கு இறங்குவேன். வாங்கினவர் அத்தானுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார். கெட்ட பெயர் எனக்கு, லாபம் இரண்டு குடும்பத்துக்கும். இப்படியொரு ஜோடிப் பொருத்தம் அவருக்கும் அக்காவுக்கும்கூட அமையவில்லை. அக்காவே அதைச் சொல்லியிருக்கிறாள்.

அப்படிப்பட்ட மனிதருக்கு மரவேலை ஆசை பிடித்தது. வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து ஒரு புத்தக அலமாரி செய்தார். தட்டுகளை வேண்டிய உயரத்தில் மாற்றி வைக்கிற மாதிரி, இரண்டு பக்கப் பலகைகளிலும் வரிசையாகத் துளை. துளையில் 'பின்' என்கிற குட்டி ஆணியைச் செருகி, நாலு பின்மேல் தட்டை உட்கார வைப்பது. அளவுநாடாவைப் பிடித்துப் பென்சிலால் புள்ளி குத்தித்தான் துளைத்திருந்தார். எந்தத் தட்டை வைத்தாலும் மூன்று பின்மேல் உட்கார்ந்துகொண்டு நாலாவதை எட்டிப் பார்த்தது.

"இதுல புக்கு வேணாங்க" என்றாள் அக்கா. "கொழந்தையப் போடலாம். நல்லா ஆடுது."

நான் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. அங்கேதான் விட்டிருக்க வேண்டும். ஆனால் எங்கள் கண்ணாடிப் பெட்டியில் ஒரு ஜிக் கிடந்தது. ஒரு முழத் தகடு, அதில் சம இடைவெளியில் துளைகள். பலகையின் ஓரத்தோடு ஒட்டவைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, தகட்டின் துளைக்குள் டிரில்லை விட்டால் அதன் முனையிலிருக்கிற பிட் கோணாது. ஆழம் மீறாமல் பிட்டின் கழுத்தில் ஒரு வளையம். தகடு முடிகிற இடத்தில், போட்ட துளையில் ஒரு முளையைச் செருகி, அதைப் பிடிமானமாக வைத்துத் தகட்டை நகர்த்தினால் வரிசை தொடரும். ஒரே ஒரு ஜாக்கிரதை வேண்டும். இரண்டு பலகைக்கும் தகட்டின் அதே முனைதான் கீழே வரவேண்டும். மாற்றி வைத்தால் இடது துளைக்கும் வலது துளைக்கும் சம்பந்தமே இருக்காது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது இதில் வழுக்குவார்கள்.

அத்தான் அதைச் சும்மா எடுத்துப் போயிருக்கலாம். பாதிக்கடை அவருடையது மாதிரிதான். அவரோ கல்லாவிலிருந்து எழுந்து வெளியே போய், வாங்க வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் நின்றார்.

"இது என்ன வெல?"

"என்ன அத்தான், வெளையாட்டா?"

"வியாபாரம் மச்சான். வெலயச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் முகம் சுருங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கனைக்க என் பக்கத்தில் ஆளில்லை. கடைசியில் வாங்கின விலைக்கே கொடுத்தேன். "உங்ககிட்ட வாங்குறது ரொம்ப சுலபம் மச்சான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கப்புறம் அவர் வேலை தேறியது. தகட்டின் ஒரு முனையிலும், பலகைகளின் அடியிலும் சிவப்பு பெயிண்டால் 'கீழ்' என்று எழுதிக்கொண்டுதான் டிரில்லைத் தொட்டார். தட்டுகள் சாது மாதிரி உட்கார்ந்தன. மருந்துக்கடை அம்மா ஒன்றைப் பார்த்துவிட்டு, தன் கடைக்கு ஓர் அலமாரி செய்யச் சொன்னார். அது நன்றாக வந்தால் புதிதாகத் திறக்கிற கடை முழுவதும் அத்தானுக்கே என்றார்.

"இது தேறிடுச்சுன்னா தனியா பட்டறை போட்டுடலாம்னு இருக்கேன் மச்சான்" என்றார் அத்தான். "கடைக்கு நீங்க வேற ஆளப் பாத்துக்குங்க."

தாழ்ப்பாள் வேறு கம்பெனியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்பது போலச் சொன்னார். நானும் நியாயமாக வேறு ஆளைப் பார்த்தேன். என் மனைவியின் சித்தப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். நான் சொன்ன விலைக்கு ஒருவர் தலையாட்டிவிட்டுப் பைக்குள் கை விடுகிறார், சித்தப்பா கனைத்துவிட்டு, "பாவம், கொறச்சுக் குடுங்க மாப்ள" என்கிறார். ஒரே நாளில் அனுப்பிவிட்டேன்.

அங்கேயிருந்து பொறுக்கி நீங்கள் கையில் வைத்திருக்கிற பின்னுக்கு இப்போது வருகிறேன். உடைந்த இடத்தில் வெள்ளையாகத் தெரிகிறதே, அது பிளாஸ்டிக். மேலே வெள்ளிப் பூச்சு. முழுசாக இருக்கும்போது ஸ்டீல் பின்னுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பொம்மை வைக்கிற அலமாரிக்கு இது போதும். சிரப் பாட்டில் அடுக்குகிற அலமாரிக்கு ஸ்டீல்தான். அத்தான் ஸ்டீல்தான் கேட்டார். பெட்டி மாறிப்போய்விட்டது என்று நான் சொல்லலாம். பெட்டி தானாக மாறாது.

அவர் ஏன் சோதித்துப் பார்க்கவில்லை என்று கேட்காதீர்கள். அத்தான் என்னிடம் பேரம் பேசுவார், சந்தேகப்பட மாட்டார்.

நான் நினைத்தது சின்ன விஷயம்தான். தட்டு கொஞ்சம் தொங்கும், அந்த அம்மா முகம் சுளிப்பார், அத்தான் அலுத்துப்போய்க் கல்லாவுக்குத் திரும்புவார். ஆனால் சிரப் கம்பெனிக்காரர்கள் தாராளமாகச் சரக்கு இறக்கிவிட்டார்கள். மேல்தட்டைத் தாங்கின பின்கள் முறிந்த சமயம் பார்த்து அத்தான் அங்கே கதவின் கீலை முடுக்கிக்கொண்டிருந்தார். ஓடிப்போக வேண்டியதுதானே. தன் அலமாரி ஆயிற்றே, கையைக் கொடுத்துத் தாங்கினார். மேல்தட்டு நடுத்தட்டின்மேல் விழுந்தது, இடையில் அவர் கை, சுற்றிலும் உடைந்த பாட்டில் கண்ணாடி. வலது கையில் மூன்று விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பில் எழுதக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் போதும். டிரில்தான் பிடிக்க முடியாது. பட்டறையா கடையா என்று யோசிக்கிற சிரமம் அவருக்கு மிச்சம்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "எங்க மச்சான் தப்பு பண்ணினேன்?"

"தகட்டத் தலகீழா வச்சிருப்பீங்க அத்தான். எல்லாருக்கும் வர்றதுதான்."

"கீழ்னு எழுதியிருந்தேனே."

"எழுதினதப் பாத்துதான் வச்சீங்களா, நல்லா யோசிச்சுப் பாருங்க."

கட்டுப்போட்ட கையைத் தூக்கி, காற்றில் தகட்டை வைப்பது போல ஒரு தடவை வைத்துப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். அவர் என்மேல் வைத்திருக்கிற நம்பிக்கையை நினைத்து எனக்கே கண் கலங்கிவிட்டது.

அவர் வீடு திரும்புவதற்குள் நான் அந்த அலமாரியின் பக்கப் பலகைகளைக் கழற்றி எடுத்து வந்தேன். ஓர் ஆசைக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, துளைக்குத் துளை நூல் பிடித்துப் பார்த்தேன். மயிரிழை விலகவில்லை. அவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை. பிறகு அறுவைப் பட்டறையில் கொடுத்துத் துண்டு துண்டாகப் போடச் சொல்லிவிட்டேன். கண்ணில் பட்டால் அவருக்குச் சங்கடமாக இருக்கும் இல்லையா.

இப்போது பழையபடி என் பக்கத்தில்தான் உட்காருகிறார். சற்றுமுன்தான் சாப்பிட வீட்டுக்குப் போனார். நான் விலை சொன்னால் முன்போலக் கனைப்பதில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் "பாவம், போட்டுக் குடுப்போம்" என்பதையும் நானே சொல்லி, நானே என்னை முறைத்துக்கொள்கிறேன். வாங்க வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். வியாபாரத்துக்குக் குறைவில்லை.

ஆமாம், பின்னை மாற்றியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்தும் போடுகிறேன். அத்தான் காதுக்கு மட்டும் இது போக வேண்டாம். தன் தப்பால்தான் தன் கை போயிற்று என்று நம்பி அந்த மனிதர் ஒருவழியாக நிம்மதியாக இருக்கிறார். அதைப் பிடுங்குகிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.