பதினாலு சைட்டு

அட, ஒக்காருங்க கண்ணு. கரண்டு போனா என்னங்க, இப்ப வந்துரும். வேலம்பாளையத்துல இது தெனத்துக்கும் இருக்கறதுதான். நித்தீஷும் வந்துருவான். நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லுலீங்களே? ஒரு சாமானம் செத்துப்போச்சுன்னு உலகத்துல இருக்கற அத்தன பேரும் ஒக்காந்து எழுதுவீங்களாங்க?

போன வருசம் ஒரு நாளு... காத்தால தோசை ஊத்திட்டு இருக்கறேன். எம்பையன் நித்தீஷு கம்ப்யூட்டரப் பாத்துட்டு, "அம்மா, நாலு செத்துப்போச்சும்மா, இனி அஞ்சுதான்"ங்கறான். அது தண்ணி லாரி வர்ற நேரமுங்க. லாரி ஏறி நாலு உசுரு போயிருச்சு, அஞ்சாவது ஆஸ்பத்திரியில கெடக்குதுன்னு நெனச்சு, கரண்டியக் கீழ போட்டுட்டு வீதிக்கு ஓடுறேன். வீதியில ஒருத்தருமில்ல. திரும்பி வந்தா தோசை கருகிக் கெடக்குது, இவன் விழுந்து விழுந்து சிரிக்கறான். பி.எச்.பி.யாமுங்க, கம்ப்யூட்டருக்குன்னு ஒரு பாஷையாம்! அதுல நாலாம் நெம்பராம். இனிமே அதப் பாத்துக்க மாட்டம்னு உண்டு பண்ணுனவங்களே கைய விரிச்சுட்டாங்களாம். அதுக்கு ஒருத்தன் நல்லதாப் போச்சுன்னு எழுதறான். இன்னொருத்தன், எங்க கஸ்டமரெல்லாம் நாலுலதான் ஓட்டறாங்க, நாங்க எங்க போறதுன்னு ஒப்பாரி வெக்கறான். நீங்க எழுதுனதையும் படிச்சுக் காட்டுனானுங்க. "அருண்பாண்டி கரெக்டாச் சொல்லியிருக்கான்மா"ன்னான். எனக்கு ஒண்ணும் வெளங்குல. ஆனா கேக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

முறுக்கு எடுத்துக்குங்க. அட எடுங்க, கோயமுத்தூருல இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கறீங்க.

சோத்துல ஒக்காந்தா இதே நாயந்தானுங்க, வேற பேச்சே கெடையாது. மத்த ஊட்டுல பேப்பரு படிப்பாங்க. இவன் உங்க பேஜத் தொறந்துக்குவான். அதென்னமோ, கம்ப்யூட்டரு வேலை செய்யறவங்க நூறு பேரு நூறு எடத்துல எழுதறதையெல்லாம் ஒரே எடத்துல கொண்டாந்து கொட்டுமாமே? அதுக்குப் பேரே ப்ளானட்டுங்கறான். ப்ளானட்டுன்னா கெரகம்னு எங்கூட்டுக்காரரு சொன்னாரு. அப்பவே நெனச்சேன், கெரகந்தான் புடிச்சிருக்குதுன்னு.

மொதமொதல்ல ப்ளாக் எழுதறேன்னு இவன் சொன்னப்ப நான் அழுதே போட்டனுங்க. "ஏண்டா, நம்மூட்டுல ஆரும் ப்ளாக்குல ஒண்ணும் பண்ணுனதில்ல. சினிமா டிக்கெட்டக் கூட வரிசையில நின்னு வாங்கற மனுசன்டா உங்கப்பன்"னு. அஞ்சாவதோட நின்னவ நானு. எனக்கெப்புடீங்க தெரியும்?

அப்பறம் அந்த டேபிள் நாயம்... அதக் கேக்கோணுமே. உங்காளுகள்ல ஒருத்தன் எழுதியிருக்கறான், டேபிளே ஆகாது, டேபிளு போட்டு வேலை செய்யறவனெல்லாம் பழைய காலத்தாளு, எல்லாத்தையும் தூக்கி எறியோணும்னு. இத இவன் சத்தம் போட்டுப் படிக்கறான். எங்கூட்டுக்காரருக்குப் பனியன் கம்பெனிங்க. சின்னதுதான். தைக்கறதுக்கு நாலு பவர் டேபிளு, துணி வெட்டறதுக்கு ஒரு டேபிளு. டாலரு எறங்கி, ஆர்டரு இல்லாம, மனுசன் ஏற்கெனவே கன்னத்துல கை வெச்சுட்டு ஒக்காந்திருக்கறாரு. "ஏன் ரங்காத்தா, டேபிளு ஆகாதுன்னு வெளிநாட்டுல சொல்லிட்டாங்களாமே? நம்ம தச்ச பனியன இனி எடுக்க மாட்டாங்களா?"ன்னு எங்கிட்டக் கேக்கறாரு. "ஆமாங்க, அப்புடித்தான் எழுதியிருக்குது"ன்னு நானும் சொல்லிப்போட்டேன். அவரு ரெண்டு டேபிளுக்கு வெலை பேச ஆளையே வரச் சொல்லிட்டாருங்க! அப்பறம் இவன் ஓடி வந்து, ஐயோ அது கம்ப்யூட்டருக்குள்ள கட்டம் போடற டேபிளுப்பான்னு சொல்லி, வந்த ஆளுக்கு மோரு குடுத்துத் தாட்டிவுட்டோம். சிரிக்காதீங்க கண்ணு. உங்களுக்கு அது அபிப்பிராயம். எங்களுக்கு வகுத்துப் பாடு.

சரி, நான் சொல்ல வந்ததே வேற.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா? ஆகுலியா? அப்பத் தெரியாது. ஊட்டுலயே இருந்து வேலை செய்யற பையனுக்குப் பொண்ணு கெடைக்கறது எத்தன செரமம்னு உங்களுக்குத் தெரியாது. பொண்ணூட்டுக்காரங்க வர்றாங்க. "பையன் எங்கீங்க வேலைக்குப் போறாப்ல?" "ஊட்டுலதானுங்க." "எந்நேரத்துக்கு வருவாப்ல?" "போனாத்தானுங்க வர்றதுக்கு." அவ்வளவுதான்... காப்பி டம்ளர அப்புடியே வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருக்கறாங்க. மங்கலத்துல இருந்து வந்த ஒரு அம்மா எங்காதுகிட்ட வந்து, "பையனுக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமாங்க?"ன்னு கேட்டுட்டுப் போகுது. எப்புடி இருக்குமுங்க எனக்கு?

அப்பத்தான் அவிநாசியில இருந்து சென்னியப்பண்ணன் வந்தாரு. நிட்டிங் மெஷினு ஓட்டறாரு, தோட்டமும் இருக்குது, ஒரே பொண்ணு. அனுப்பிரியா. அத்தன லட்சணமுங்க அந்த அம்முணி. எம்.சி.ஏ. படிச்சிருக்குது. ரெண்டு வார்த்த பேசிக்கட்டும்னு வுட்டா, ரெண்டும் பேசுது, பேசுது, சாமி கும்புடற நேரம் வந்தும் பேசி முடியல. கம்ப்யூட்டரு வெளிச்சம் இல்லாம எம்பையன் மொகத்துல ஒரு வெளிச்சத்த அன்னைக்குத்தானுங்க பாத்தேன்.

அப்ப சென்னியப்பண்ணன் கேட்டாரு, "பையனுக்குன்னு தனியா என்னுங்கம்மா இருக்குது?"ன்னு. ஊட்டுக்குள்ள ஒரு கம்ப்யூட்டரு இருக்குதுன்னு சொன்னா இவரும் காப்பிய வெச்சுட்டுப் போயிருவாருன்னு எனக்குப் பயம். அதுக்கு மொத நாளுத்தான் இவன், "அம்மா, இதோட நான் பதினாலு சைட்டு முடிச்சுட்டேன்"னு குதிச்சுட்டு இருந்தான். அதுதான் வாயில வந்துச்சு. "பதினாலு சைட்டு இருக்குதுங்ணா"ன்னேன்.

பொய்யுங்களா? நீங்களே சொல்லுங்க. கம்ப்யூட்டருல பண்ணியிருக்கறானா இல்லியா?

என்னது? ஆமாங்க, உங்க பக்கம் எப்புடியோ தெரியாது, எங்க ஊருல சைட்டுன்னா ஊடு கட்டற எடம். நாலு மூலைக்கும் கல்லு நட்டுப் போட்டு வெச்சிருப்பாங்களே, அது. கையில கொஞ்சம் சேந்தா எல்லாரும் சைட்டுதானுங்க வாங்கறாங்க.

அண்ணன் நிமுந்து ஒக்காந்துட்டாரு. "பதினாலா! எங்கெங்கீங்க?" "அமெரிக்காவுல ஏழு, டென்மார்க்குல ரெண்டு, மிச்சம் அஞ்சும் இங்கதானுங்க." "டென்மார்க்குலயுமா போட்டு வெச்சிருக்கறாப்ல!" "போட்டிருக்கறானுங்க." "எந்தப் பக்கம் பாத்ததுங்க?" "உலகமே பாக்குமுங்ணா." "அப்ரூவல் ஆயிருச்சுங்களா?" "கடைசியா ஒண்ணுக்கு நேத்துத்தான் அப்ரூவல் வந்துச்சுன்னு சொன்னானுங்க." பாத்தீங்களா, ஒரு வார்த்தையாச்சும் பொய்யா இருக்குதா? அண்ணன் காப்பிய முழுசாக் குடிச்சாருங்க! இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடிச்சாரு. உப்புச் சக்கரை மாத்தறதுக்கு அன்னைக்கே நாளு குறிச்சாச்சு. எங்காளுகள்ல உப்புச் சக்கரை மாத்திட்டா அப்பறம் பாதிக் கல்யாணம் முடிஞ்ச மாதிரி.

இத நான் இவங்கிட்டச் சொன்னதுதானுங்க தப்பாப் போச்சு. சிரிப்பான்னு நெனச்சேன். சிரிச்சான். சிரிச்சுட்டு, எழுதிப்போட்டான்! எங்கம்மா டென்மார்க்குல சைட்டு வாங்குன கதைன்னு, இங்கிலீசுல! அதும் உங்க கெரகத்துல போயி ஒக்காந்துக்கிச்சு. அந்த வாரத்துக்கே அதான் நாயமாமுங்க. பிரேசில்ல இருந்து ஒருத்தன் எழுதறான், எங்கம்மாவும் இப்புடித்தான், நான் டி.வி. ரிப்பேரு பண்றேன்னு ஊருக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்குதுன்னு. ஜெர்மனிக்காரன் ஒருத்தன், நம்ம வேலை என்னன்னு ஊட்டுக்கு வெளங்க வெக்க முடியலீன்னா தப்பு நம்ம பேருலதான்னு நீளமா எழுதியிருக்கறான். அது நல்ல பையன், எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும். இன்னொருத்தன், பெத்த தாயக் கேலி பண்ணி எழுதலாமான்னு இவன வையறான். அவன வேறொருத்தன் வையறான். இத்தனைக்கும் நடுவுல எவனோ ஒரு புண்ணியவான், அந்தப் பதினாலு சைட்டும் நாலுல ஓடுதா அஞ்சுல ஓடுதான்னு கேக்கறானுங்க!

கடைசில எல்லாருஞ் சேந்து ஒரு முடிவுக்கு வந்துட்டாங்களாம். பொண்ணூட்டுல உண்மையச் சொல்லிரோணுமாம். நான் கேக்கறேன், எம்பையன் கல்யாணத்துக்குப் பிரேசில்காரனாங்க தாய்மாமன்? அத மொதல்ல எழுதுனது ஆரு தெரியுமுங்களா?

நீங்கதானுங்க. குனிஞ்சுக்காதீங்க. "மறைச்சு வெச்சுக் கட்டுனது பின்னால ஒடையும்"னு எழுதியிருக்கறீங்க. நீங்க புரோகிராமத்தான் சொன்னீங்களோ என்னமோ, இவன் கல்யாணத்துக்குன்னு எடுத்துக்கிட்டான். "நான் மெட்ராஸுல இருந்து திரும்பறதுக்குள்ள நீயே சொல்லிரும்மா. இல்லாட்டி நான் நேரா அவிநாசிக்குப் போயிச் சொல்லிருவேன்"னுட்டு பையத் தூக்கிட்டுப் போயிட்டான்.

...ஆமாங்க, மெட்ராஸுதான் போயிருக்கறான். இல்லீங்க, இன்னைக்கு வரமாட்டான். போன்ல நித்தீஷுக்கு அவசரம்னு சொன்னனா? அவனுக்கு அவசரந்தானுங்க. அது அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். உங்க நெம்பரு அவன் மேசையில கெடந்துச்சு.

கோவிச்சுக்காதீங்க கண்ணு. ஒக்காருங்க, காப்பி வெக்கறேன். அண்ணன் எடத்தத்தான் கேக்கறாருன்னு எனக்கு எப்பத் தெரிஞ்சுச்சுன்னு கேக்கறீங்களா? நீங்க கேக்குல, ஆனா உங்க மொகம் கேக்குது. சத்தியமா அந்த டென்மார்க்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க. "தண்ணி வசதி எப்புடீங்க?"ன்னு கேட்டாரு பாருங்க... அப்பத்தான் பக்குன்னுச்சு. அப்பவே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயத் தொறந்தேன். ஆனா அந்த மனுசன் ரெண்டாவது டம்ளரக் கையில புடிச்சுட்டு இருக்கறாருங்களே! "போரு போட்டா வருமுங்ணா"ன்னு வந்துருச்சு.

வந்துருச்சுங்க, நான் என்ன பண்றது?

இப்ப அவரு, இங்க இருக்கற அஞ்சு சைட்டையாச்சும் ஒரு எட்டுப் பாத்துரலாமுன்னு இன்னைக்குப் பொழுதோட வர்றேன்னுட்டாரு. அளக்கறதுக்கு டேப்பும் கையோட கொண்டார்றாராம். எனக்கு வேற வழி? "அதுக்குன்னே கோயமுத்தூருல ஒருத்தரு இருக்கறாருங்ணா, சைட் எஞ்சினியரு, அவர வரச் சொல்லியிருக்கறேன்"னேன். அதும் பொய்யில்லீங்களே? நீங்க எஞ்சினியருதான? நீங்களும் சைட்டுதான பண்றீங்க?

நீங்க ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம் சாமி. பொய்யுத்தான் உங்களுக்கு ஆகாதே. எடம் இல்லீங்க, கம்ப்யூட்டருக்குள்ள இருக்குது, ஆனா அதுல பொழப்பு நடக்கும், பொண்ணுக்கு ஒரு கொறையும் வராதுன்னு மெல்ல எடுத்துச் சொல்லுங்க. படிச்சவங்க சொன்னா அவரு கேட்டுக்குவாரு. நான் சொன்னா அழுதுருவேன். ஒவ்வொரு சம்பந்தமும் காப்பிய வெச்சுட்டுப் போறப்ப எம்பையன் உள்ள போயிக் கதவச் சாத்திக்குவான். உங்க பேஜுல எவனுக்கோ பதில் எழுதிட்டு இருப்பான். அந்த டக் டக்குன்னு தட்டற சத்தத்தச் சமையக்கட்டுல இருந்து நான் கேட்டுட்டே இருப்பேன். அந்தச் சத்தம் இந்தத் தடவையும் கேக்கக் கூடாதுங்க. அதுக்குத்தான் உங்கள...

காரு சத்தமுங்களா அது? அண்ணந்தான். சொன்ன நேரத்துக்கு முன்னாலயே வந்துட்டாரே! கண்ணு, அப்புடிச் சட்டையச் சரி பண்ணிக்கிட்டு... அங்க எங்கீங்க போறீங்க? பாத்ரூமு இந்தப் பக்கம். அது பொடக்காலிக் கதவுங்க, அந்தப் பக்கம் வழியே இல்ல, கொல்லைச் செவுருதான்... கண்ணு! அருண்பாண்டி! உங்க பையி, உங்க பையி! அட சாமி, செருப்பக் கையில புடிச்சுட்டே ஓடறாரே...

வாங்கண்ணா, வாங்க வாங்க. நங்கையக் கூட்டிட்டு வருலீங்களா, அம்முணியோட அம்மாவ? ஒக்காருங்க. கரண்டு இல்லீங்க, இந்தாங்க விசிறி. டேப்ப அப்புடிக் கீழ வையுங்ணா, அதுக்கென்ன அவசரம். காப்பி குடிக்கலாம். அப்பறமுங்ணா... அந்தப் பதினாலு சைட்டு இருக்குதுங்களே, அதப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். அது வந்து... எப்புடிச் சொல்றதுன்னு... அந்தச் சைட்டு...

ஆருங்ணா? சன்னல்லயா? செவுத்து மேலயா?

ஓ, அவருங்களா. அவருதானுங்க நாஞ் சொன்ன எஞ்சினியரு. மத்தியானமே வந்துட்டாரு. பாருங்க, வந்ததும் வராததுமா வேலைய ஆரம்பிச்சுட்டாரு. ஏனுங்ணா, அளக்கறவங்க சுத்திப் போக மாட்டாங்கல்ல? நேர்கோட்டுலதானுங்களே போவாங்க?